ஐந்து ஓட்டைகள்

ஆலங்கட்டி அடித்த கார்களைப் பார்ப்பது என் வேலை.
பானெட்டில் உள்ள பள்ளம் எந்த மழையில் விழுந்தது,
எது போன வருஷத்தது,
எதைச் சுத்தியலால் தட்டிவிட்டு மழையின்மேல் போடுகிறார்கள்,
விரல்நுனியால் தடவிச் சொல்லிவிடுவேன்.
இன்ஷூரன்ஸ்காரிக்கு இரக்கம் கிடையாதென்று
நார்த்டேல் முழுக்கப் பேர்.

இந்த வாழையிடம்தான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

போர்ட் ஷெப்ஸ்டன் சாலையோரம்
ஐம்பது ராண்டுக்கு வாங்கிய குட்டை வாழை.
கடலோரத்துச் செடி.
மாரிட்ஸ்பர்க்கில் ஜூலை என்று ஒன்று இருப்பதை
விற்றவர் அதனிடம் சொல்லியனுப்பவில்லை.
மே பிறந்தால் உள்ளே, செப்டம்பரில் வெளியே.
இடையில் வெயில் நன்றாயிருந்தால் மத்தியானம் வெளியே,
பொழுது சாய்ந்தால் உள்ளே.
இழுத்திழுத்து
சமையலறை ஓடெல்லாம் தொட்டியின் அரைவட்டக் கீறல்.

இன்று ஆகஸ்ட் ஞாயிறு. பெர்க் காற்று
அடுப்பு திறந்த மாதிரி வீசுகிறது.
கிளிப்போர்டை எடுத்துக்கொண்டு
செடிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.
சிரிக்க வீட்டில் ஆளில்லை.

அடியிலை: மஞ்சள், தொங்கல். வயசு. இதற்கு க்ளெய்ம் கிடையாது.
அடுத்தது நரம்போடு நரம்பாகக் கிழிந்து
சீப்புப் பல்லாய் நிற்கிறது. காற்று.
முறியாமலிருக்க வாழை தானே கிழிந்து கொடுக்கும்.
நோய் என்று எழுதுகிறவர் வாழையைப் பார்த்தவரல்ல.

மூன்றாவதில் வெளுத்த திட்டு, பழைய ரசீது போல.
ஜூன், ஒரு சனிக்கிழமை.
ஒரு மாதம் திரைக்குப் பின்னால் இருந்ததை
நேரே வெயிலில் வைத்துவிட்டு
டோங்காட் கல்யாணத்துக்குப் போனேன்.
அரைமணி வெயில் போதும் என்றிருந்தேன். திரும்பும்போது இருட்டு.
ஒப்புக்கொள்கிறேன்;
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

விளிம்பு முறுகியது கேஸ் ஹீட்டரால்.
அடிப்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால்
துருநிறத்தில் ஒரு கோடு: சிலந்திப்பேன்.
அதுவும் ஹீட்டரின் உறவுதான், வறண்ட வீடென்றால் வந்துவிடும்.
ஆபீஸில் நொம்புஸோ உறைபனி என்றாள்.
இல்லை. உறைபனி பட்ட இடம்
வெந்த கீரை போலக் கறுத்து ஈரமாயிருக்கும்.
ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்த ஒரு நுனியில் மட்டும் அது.

ஐந்தாவது இலை
நேற்றுத்தான் முழுசாக விரிந்தது.
இளம்பச்சை, பளபளப்பு.
குறுக்கே ஒரே கோட்டில் ஐந்து ஓட்டைகள்,
ஒரு பக்கம் தள்ளித் தள்ளி, மறுபக்கம் நெருங்கி.
எந்தப் புழுவும் ஸ்கேல் வைத்துத் தின்னாது.
பக்கத்து வீட்டுப் பையன் கெவாஷனைச் சந்தேகித்தேன்,
அவனிடம் ஒரு பேப்பர் பஞ்ச் இருக்கிறது.

அப்புறம்
ஒரு க்ளெய்ம் படிவத்தைச் சுருட்டி
பேனா முனையால் ஒருமுறை குத்தினேன்.
விரித்தேன்.
ஐந்து.

ஆக, ஒரே குத்து. குருத்தாய்ச் சுருண்டிருந்தபோது.
குளிரில் குருத்து விரிய மூன்று வாரம்.
பின்னோக்கி எண்ணினால் ஜூலைக் கடைசி, செவ்வாய்.
மேகநாதன் தன் பெட்டிகளை பாக்கியில் ஏற்றிய ராத்திரி.
காலையில் உறைபனி என்று ரேடியோ சொன்னது.
இரண்டு பேர் தூக்கும் தொட்டியை
ஒற்றையாய் இழுத்து வந்தேன்.
இரும்புக் கதவின் தாழ்ப்பாள் பாதி நீட்டியிருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தேன்.
தாழ்ப்பாள் நுனியில் காய்ந்த வாழைப்பால்,
துவைத்தாலும் போகாத அதே பழுப்பு.
டேப்பால் அளந்தேன். உயரம் சரியாக இருக்கிறது.

அன்று எதுவும் தெரியவில்லை.
குருத்து நேராய்த்தான் நின்றது, நானும் கதவைப் பூட்டிவிட்டுத்
தட்டுக் கழுவினேன்.

பொறுப்பு யாருடையது என்ற கட்டத்தில் பேனா நின்றது.
தாழ்ப்பாளைப் பாதியில் விடுவது எப்போதும் அவன்.
இழுத்தது நான்.
கட்டத்தைக் காலியாக விட்டேன்,
இருபது வருஷ வேலையில் முதல்முறை.

நடுவில் இன்னொரு குருத்து, பென்சில் பருமன்.
விரித்துப் பார்க்க முடியாது, பார்த்தால் அது வேறு சேதம்.
அலமாரிக்கு அடியில் அவன் விட்டுப்போன
ஒற்றைச் சாக்ஸ் கிடந்தது.
தாழ்ப்பாளுக்கு மாட்டினேன்.
நாலரைக்கே நிழல் வந்துவிட்டது, தொட்டியை இழுக்க வேண்டும்.